ஒரு கொலைப்படம் எப்போது பிரிட்டிஷ் படமாகிறது?

ஒருவர் டீ போடுகிறார். வழுக்கைத் தலை, கண்ணாடி, கிசுகிசுப்பைத் தாண்டாத குரல். வந்திருக்கும் பெண்ணுக்குத் தீராத நெஞ்சுச்சளி. தனக்கு வைத்தியம் தெரியும் என்று நம்பவைத்து அவளை வீட்டுக்கு வரச் சொன்னவர் இவர்தான். உட்காரவைக்கிறார், கோப்பையை நீட்டுகிறார், ஆவி பிடிக்கச் சொல்லி ஒரு குழாயை முகத்தருகே கொண்டுவருகிறார். குழாயின் மறுமுனை வீட்டு அடுப்புக்கு வரும் நிலக்கரி வாயுவோடு சேர்ந்திருக்கிறது.

1971-இல் வந்த ‘10 ரிலிங்டன் பிளேஸ்’ இப்படித்தான் தொடங்குகிறது. டீ போட்டவர் ஜான் கிறிஸ்டி. லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நிஜமாகவே வாழ்ந்து, பல பெண்களைக் கொன்று, 1953-இல் தூக்கிலிடப்பட்டவர். நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. (‘காந்தி’ படத்தை இயக்கிய அதே அட்டன்பரோதான். இதைப் பார்த்துவிட்டு அதை நினைத்தால் கொஞ்சம் தலை சுற்றும்.)

ஐந்து நிமிடம் ஓடினாலே இது எந்த ஊர்ப் படம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளைஷர் ஓர் அமெரிக்கர், புரூக்ளினில் பிறந்தவர். பின்னால் இருந்தது கொலம்பியா என்ற ஹாலிவுட் நிறுவனம். அப்படியானால் அந்த ஐந்து நிமிடத்தில் நம் கண்ணும் காதும் எதைப் பிடித்துக்கொண்டு ‘பிரிட்டிஷ்’ என்று முடிவு கட்டுகின்றன? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ‘உண்மைக் குற்றப்படம்’ என்று நான் சொல்வது, நடந்த குற்றத்தை, பெரும்பாலும் அதே பெயர்களோடு, நடிகர்களை வைத்துச் சொல்லும் கதைப்படத்தை. ஷெர்லாக் ஹோம்ஸ் இதில் வராது. ஆவணப்படம் தனிக் கதை.

சட்டத்தின் கணக்கு

சட்டத்திடம் கேட்டால் பதில் சுலபம். பிரிட்டனில் ஒரு படத்துக்கு வரிச்சலுகை வேண்டுமானால், அது ‘பண்பாட்டுத் தேர்வு’ ஒன்றில் பாஸாக வேண்டும். (மற்ற நாடுகளோடு கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் என்று இன்னொரு வழியும் உண்டு.) 2007-இல் தொடங்கி, 2014-இல் திருத்தப்பட்ட தேர்வு இது. மொத்தம் 35 மதிப்பெண், 18 எடுத்தால் பாஸ். கதை பிரிட்டனில் நடந்தால் 4 வரை, முக்கியப் பாத்திரங்கள் அந்த நாட்டவர் என்றால் 4, கதைப்பொருளோ மூலநூலோ அங்கிருந்து வந்தால் 4, வசனம் ஆங்கிலத்திலோ அனுமதிக்கப்பட்ட மற்ற மொழியிலோ இருந்தால் 6. மீதி 17 மதிப்பெண், பண்பாட்டுப் பங்களிப்புக்கும் வேலை நடந்த இடத்துக்கும் வேலை செய்த ஆட்களுக்கும்.

கூட்டிப் பாருங்கள். 4, 4, 4, 6. சரியாக 18. இயக்குநர் அமெரிக்கராக இருந்தாலும், கதையையும் பேச்சையும் வைத்தே ரிலிங்டன் பிளேஸ் கரையேறிவிடும். 1971-இல் இந்தத் தேர்வு இல்லை என்பது வேறு விஷயம். அப்போது இருந்தது ஈடி வரி. சினிமா டிக்கெட்டில் ஒரு சிறு பங்கைப் பிடித்து, பிரிட்டனில் படம் எடுப்பவர்களுக்கு வசூலுக்கு ஏற்றாற்போலத் திருப்பிக் கொடுப்பார்கள். 1950 முதல் 1985 வரை இருந்த இந்த ஏற்பாட்டுக்காகவே பல ஹாலிவுட் நிறுவனங்கள் லண்டனில் ஒரு கிளையைத் திறந்து, அங்கே படம் எடுத்தன.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. 1927-இல் வந்த சினிமாச் சட்டம், உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீடு தருவதற்காக, ‘பிரிட்டிஷ் படம்’ எது என்று வரையறுத்தது. பேரரசுக்குள் இருக்கும் ஸ்டுடியோ, பேரரசின் குடிமக்கள், அவர்களுக்குப் போகும் சம்பளம் என்று கணக்கு. சட்டத்தின் எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அன்றைய சென்னையில் ஒரு தமிழ் முதலாளி எடுத்த படமும் காகிதத்தில் பிரிட்டிஷ் படம்தான்.

ஆக, சட்டம் சொல்லும் அடையாளம் ரேஷன் கார்டு மாதிரி. சலுகை வாங்க உதவும், ஆளை அடையாளம் காட்டாது.

ஒரே இயக்குநர், இரண்டு ஊர்

நல்லவேளையாக ஃப்ளைஷரே நமக்கு ஒரு சோதனையைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரிலிங்டன் பிளேஸுக்கு மூன்று ஆண்டு முன்னால், 1968-இல், அவர் ‘தி பாஸ்டன் ஸ்டிராங்லர்’ எடுத்தார். அதுவும் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற தொடர் கொலைகள் பற்றிய உண்மைக் கதை. 1962-க்கும் 1964-க்கும் இடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. ஆள் அதே, பொருள் அதே. மாறியது நாடு மட்டும்.

பாஸ்டன் படத்தில் திரை துண்டு துண்டாகப் பிரிகிறது. ஒரு கட்டத்தில் கதவைத் தட்டும் கை, இன்னொன்றில் உள்ளே இருக்கும் பெண், மற்றொன்றில் தெரு. நகரமே நடுங்குகிறது, போலீஸ் சல்லடை போட்டுத் தேடுகிறது. கொலையாளியாக நடிக்கும் டோனி கர்ட்டிஸைப் படத்தின் முதல் பாதியில் பார்க்கவே முடியாது. அப்புறம் அவர் மனதுக்குள் நுழைகிறார்கள், கேள்வி கேட்டு உடைக்கிறார்கள். ‘யார் இவன், ஏன் செய்தான்?’ என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி.

லண்டன் படத்தில் இது எதுவுமே கிடையாது. கொலையாளி யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. தேடல் இல்லை, நகரப் பீதி இல்லை. ‘ஏன் செய்தான்’ என்று யாரும் பெரிதாகத் தோண்டுவதும் இல்லை. பழைய சுவர், இருண்ட படிக்கட்டு, கெட்டில். வசனங்களை இயன்றவரை அரசு ஆவணங்களிலிருந்தே எடுத்ததாகப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இங்கே கேள்வியே வேறு: ‘இத்தனை பேர் பக்கத்தில் இருந்தும் எப்படி விட்டார்கள்?’

எனக்குத் தெரிந்து பிரிட்டிஷ் உண்மைக் குற்றப்படங்களின் அடிநாதம் இந்தக் கேள்விதான். கொலைகாரனைப் பார்க்கும் நேரத்தைவிட, அவனைச் சுற்றி நின்ற வீட்டையும் தெருவையும் கோர்ட்டையும் பார்க்கும் நேரம் அதிகம். எல்லாப் படமும் அப்படி என்று சொல்லவரவில்லை. நினைவில் நிற்கும் படங்கள் அப்படி.

ஒண்டுக்குடித்தனம்

ரிலிங்டன் பிளேஸ் ஒரு முட்டுச்சந்து. கடைசியில் ஒரு தொழிற்சாலைச் சுவர், அதை ஒட்டிய வீடு 10-ஆம் எண். மூன்று மாடி என்றால் பெரிய வீடு போலத் தோன்றும். உண்மையில் ஆளுக்கு ஒரு தளம், எல்லாருக்கும் சேர்த்துக் கொல்லையில் ஒரே கழிப்பறை. நம் பக்கத்து ஒண்டுக்குடித்தனம்தான், குளிர் மட்டும் கூடுதல். தரைத்தளத்தில் கிறிஸ்டியும் மனைவியும், நடுவில் ஒரு முதியவர், மேலே 1948-இல் குடிவந்த இளம் தம்பதி திமதி எவன்ஸ், பெரில். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை.

பெரில் மறுபடி கர்ப்பமாகிறாள். கையில் காசு இல்லை. கருக்கலைப்பு அப்போது சட்டவிரோதம்; பிரிட்டனில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது 1967 சட்டத்தில்தான். கீழ்வீட்டு கிறிஸ்டி ‘எனக்குத் தெரியும், நான் செய்துவிடுகிறேன்’ என்கிறார். 1949 நவம்பரில் தாயும் குழந்தையும் கொல்லப்படுகிறார்கள்.

இந்த வீட்டை விட்டுவிட்டு இந்தக் கொலையைச் சொல்லவே முடியாது என்பதைக் கவனியுங்கள். மாடிக்குப் போகும் ஒற்றைப் படிக்கட்டு, மெல்லிய சுவர், வாடகைக்கு வேறு இடம் கிடைக்காத போருக்குப் பிந்தைய லண்டன், மாட்டிக்கொண்ட பெண்ணுக்குப் போக்கிடம் இல்லாத சட்டம் எல்லாம் சேர்ந்துதான் கொலைக்கு வழி விட்டன. ஃப்ளைஷர் அந்த நிஜத் தெருவிலேயே கேமராவை வைத்தார். 10-ஆம் எண்ணில் ஆட்கள் குடியிருந்ததால் உட்காட்சிகளுக்கு அதே தெருவில் வேறு வீடு. படம் முடிந்து கொஞ்ச காலத்தில் தெருவையே இடித்துவிட்டார்கள்.

இதை முதலில் எழுத்தில் பிடித்தவர் ஜார்ஜ் ஆர்வெல். 1946-இல் ஆங்கிலேயக் கொலையின் வீழ்ச்சி என்று பாதி கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு நிறையச் சாப்பாடு, சோபாவில் சாய்ந்தபடி செய்தித்தாளில் கொலைச் செய்தி படிக்கும் ஆங்கிலேயனுக்கு எந்த மாதிரிக் கொலை பிடிக்கும் என்று அதில் பட்டியல் போடுகிறார். கொலைகாரர் கௌரவமான சிறு உத்தியோகஸ்தராக இருக்க வேண்டும். புறநகரில், பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போடும் வீடு இருக்க வேண்டும். ஆயுதம் விஷம். காரணம் மானம் போய்விடுமே என்ற பயம். போர்க்காலத்தில் ஓர் அமெரிக்கப் படைவீரனும் ஓர் இளம்பெண்ணும் சேர்ந்து, காரணமே இல்லாமல் செய்த கொலை ஒன்றை எடுத்துக்காட்டி, பழைய கொலைகளில் இருந்த அழுத்தம் இதில் இல்லை, ஹாலிவுட் வாடைதான் அடிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். கொலையிலும் சுதேசி, விதேசி பார்த்திருக்கிறார் மனிதர்.

ஆர்வெலின் பட்டியலை கிறிஸ்டியோடு ஒட்டிப் பாருங்கள். போரில் சேவை செய்தவர், இரண்டாம் போர்க்காலத்தில் போலீஸின் துணைப்படையில் சீருடை அணிந்தவர், அக்கம்பக்கத்தில் ‘மிஸ்டர் கிறிஸ்டி’. அந்த ‘மிஸ்டர்’தான் அவருடைய முகமூடி.

இன்னொரு விவரம். 1953 மார்ச்சில் கிறிஸ்டி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு, ஜமைக்காவிலிருந்து வந்து அங்கே குடியிருந்த ஒருவர் சமையலறைச் சுவரில் ரேடியோவுக்கு ஒரு தாங்கி அடிக்க இடம் பார்க்கிறார். தட்டினால் சுவர் பொள்ளல். ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பிணங்கள். கறுப்பின மக்கள் குடிவந்தது கிறிஸ்டிக்குப் பிடிக்கவே இல்லை. குறை சொல்லிக்கொண்டே இருந்தார். கரீபியனிலிருந்து வந்தவர்களின் நாட்டிங் ஹில், வேல்ஸிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எவன்ஸ், யார்க்ஷயரில் பிறந்த கிறிஸ்டி எல்லாம் ஒரே படிக்கட்டில். பிரிட்டன் என்ற நாட்டை இதைவிடச் சின்ன இடத்தில் அடக்க முடியாது.

நாக்கு காட்டிக்கொடுக்கும்

எவன்ஸாக நடித்தவர் ஜான் ஹர்ட். எழுதப் படிக்கச் சரியாக வராத, வாயைத் திறந்தால் அளக்கும் வேல்ஸ் இளைஞன். கிறிஸ்டி தணிந்த குரலில், அளந்து பேசுகிறவர். கொலைப்பழி விழுந்தது எவன்ஸ் மேல். கோர்ட்டில் இருவரும் எதிரெதிரே. ‘கிறிஸ்டிதான் செய்தார்’ என்கிறான் எவன்ஸ். யார் பேச்சு எடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியே கிறிஸ்டி. 1949-இல் போலீஸ் அந்த வீட்டுத் தோட்டத்தைச் சோதித்தபோது, கொடிப்பந்தலுக்கு முட்டுக்கொடுத்து நின்றது ஒரு மனிதத் தொடை எலும்பு. கண்ணில் படவில்லை. ‘மிஸ்டர்’ சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரிட்டிஷ் படங்களில் உச்சரிப்பு என்பது சும்மா வட்டார மணத்துக்காகச் சேர்ப்பது கிடையாது. யாரை நம்புவது, யாரை ‘சார்’ என்பது, யாரை விரட்டுவது எல்லாம் அதில் இருக்கிறது. 1985-இல் மைக் நியூவெல் இயக்கிய ‘டான்ஸ் வித் எ ஸ்டிரேஞ்சர்’ படத்தில் மிராண்டா ரிச்சர்ட்சனின் பேச்சைக் கேளுங்கள். அவர் நடித்தது ரூத் எல்லிஸாக: லண்டன் கிளப் ஒன்றின் மேலாளர், சாதாரணக் குடும்பத்துப் பெண், வெளிறிய பொன்னிறத் தலைமுடி. காதலித்தது டேவிட் பிளேக்லி என்ற வசதியான வீட்டுக் கார்ப்பந்தயக்காரனை. ரூத் மேல்தட்டு உச்சரிப்பை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள், கோபம் வந்தால் அது கைநழுவிவிடுகிறது. 1955 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஹேம்ஸ்டெடில் ‘மாக்டலா’ பப் வாசலில் அவனைச் சுட்டாள். சுட்டபோது என்ன எண்ணம் இருந்தது என்று நிஜ வழக்கில் கோர்ட்டில் கேட்டார்கள். கொல்லத்தான் நினைத்தேன், அது தெரிந்ததுதானே என்கிற மாதிரி நேராகப் பதில் சொன்னாள். அதற்கு மேல் ஜூரிக்கு யோசிக்க ஒன்றும் இல்லாமல் போனது.

மொழியே குற்றவாளிக் கூண்டில் ஏறிய வழக்கும் ஒன்று உண்டு. 1952 நவம்பர் 2 இரவு, லண்டனின் தெற்கே குராய்டனில் ஒரு கிடங்குக்கூரையில் இரண்டு பையன்கள் திருடப் போகிறார்கள். கிரிஸ் கிரெய்க், வயது 16, கையில் துப்பாக்கி. டெரெக் பெண்ட்லி, வயது 19, மனவளர்ச்சி குறைந்தவன். போலீஸ் வந்து பெண்ட்லியைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது அவன் ‘லெட் ஹிம் ஹேவ் இட், கிரிஸ்’ என்று கத்தினான் என்பது போலீஸ் சாட்சியம். கொஞ்ச நேரம் கழித்து கிரெய்க் சுட்டதில் ஒரு காவலர் இறந்தார்.

அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள். ‘அவரிடம் கொடுத்துவிடு’, அதாவது துப்பாக்கியை ஒப்படைத்துவிடு. அல்லது, ‘போடு அவரை’. தமிழிலும் இந்தச் சிக்கல் வரும். ‘அவனுக்குக் கொடுடா’ என்று யாராவது கத்தினால் கையில் இருப்பதைக் கொடுக்கச் சொல்கிறார்களா, நாலு சாத்தச் சொல்கிறார்களா? குரலைக் கேட்டால்தான் தெரியும். பெண்ட்லியும் கிரெய்க்கும் அப்படி யாரும் சொல்லவே இல்லை என்றார்கள். சுட்டவன் சிறுவன் என்பதால் அவனுக்குத் தூக்கு இல்லை. போலீஸ் பிடியில் நின்றிருந்த பெண்ட்லியை 1953 ஜனவரி 28 அன்று தூக்கில் போட்டார்கள். பீட்டர் மெடாக் 1991-இல் எடுத்த படத்துக்கு அந்த வாக்கியமே தலைப்பு. மெடாக் ஹங்கேரியில் பிறந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநரின் பிறந்த ஊர் இந்தக் கணக்கில் எவ்வளவு சிறிய விஷயம் என்பதற்கு இன்னொரு சாட்சி.

இரண்டாவது கொலை

இப்போது மூன்று பெயர்களையும் வரிசையாக வையுங்கள். எவன்ஸ், 1950. பெண்ட்லி, 1953. ரூத் எல்லிஸ், 1955. மூன்று பேரும் அரசால் தூக்கிலிடப்பட்டவர்கள். மூவரையும் தூக்கிலிட்டவர் ஒரே ஆள், ஆல்பர்ட் பியர்பாயிண்ட். பின்னால் கிறிஸ்டி பிடிபட்டபோது அவரையும் தூக்கிலிட்டவர் இவரே. செய்யாத குற்றத்துக்கு ஒருவனையும், அதே வீட்டில் அதே மாதிரிக் கொலைகளைச் செய்தவரையும், ஒரே கை.

அதனால்தான் பிரிட்டிஷ் உண்மைக் குற்றப்படம் பலமுறை இரண்டு கொலைகளின் கதையாக இருக்கிறது. முதல் கொலை வீட்டிலோ தெருவிலோ நடக்கும். இரண்டாவது காலையில், நேரம் குறித்து, சீருடை போட்டவர்கள் முன்னிலையில் நடக்கும். கேமரா அதிகம் பதறுவது இரண்டாவதில்தான்.

இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. தீர்ப்புக்கும் தூக்குக்கும் இடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். மேல்முறையீடு செய்தால் இன்னும் சில வாரம். அவ்வளவுதான் அவகாசம். ரூத்துக்கு ஜூன் 21-இல் தீர்ப்பு, ஜூலை 13-இல் தூக்கு. அமெரிக்கக் கதைகளில் வருவதுபோல ஆண்டுக்கணக்கில் மரணக் கொட்டடியில் இருப்பது, மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு, கடைசி நிமிடத்தில் ஆளுநரிடமிருந்து போன் எல்லாம் இங்கே எடுபடாது. மேல்முறையீடு தோற்றால் மிச்சம் உள்துறை அமைச்சரின் கருணை என்ற ஒரே கதவு. அது திறக்காவிட்டால் முடிந்தது. படத்தின் வேகமும் அதற்கேற்றபடிதான் அமைகிறது: விசாரணை அவசரமாக, காத்திருப்பு நிசப்தமாக. சிறை வாசலில் சாவு அறிவிப்பை மாட்டுவார்கள், வெளியே கூட்டம் நிற்கும். பெண்ட்லி படத்தின் முடிவில் குடும்பம் வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காலை 9 மணி. பெரிய வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

ரிலிங்டன் பிளேஸில் எவன்ஸின் தூக்குக் காட்சி சில நொடிதான். அதைச் சரியாக எடுக்க யோசனை சொன்னவர், நிஜத்தில் அவனைத் தூக்கிலிட்ட அதே பியர்பாயிண்ட். அறைக்குள் நுழைகிறார்கள், கையைக் கட்டுகிறார்கள், பக்கத்து அறைக் கதவு திறக்கிறது, முடிந்துவிட்டது. அத்தனை கச்சிதம். எனக்கு அந்தப் படத்தில் கிறிஸ்டியின் கொலைகளைவிட அதிகம் உறுத்துவது அந்தக் கச்சிதம்தான்.

அந்த மனிதரைப் பற்றியே 2005-இல் ‘பியர்பாயிண்ட்’ வந்தது, நடித்தவர் திமதி ஸ்பால். தூக்கிலிடுவது அவருக்கு முழுநேர வேலை கிடையாது. அழைப்பு வந்தால் ரயிலேறிப் போய் முடித்துவிட்டு வருவார். ஓல்டம் பக்கத்தில் ஒரு பப் நடத்தினார். அந்தப் பப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தத்தளிக்கும் ஏழைக்கு உதவு’ என்று வரும். 1950-இல் அவர் தூக்கிலிட வேண்டிவந்தவர்களில் ஒருவர் அதே பப்புக்கு வழக்கமாக வந்து, அவரோடு சேர்ந்து பாட்டுப் பாடியவர். கதாசிரியன் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இந்தப் படங்களெல்லாம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் கடைசித் தூக்கு 1964-இல். 1965-இல் கொலைக்கான மரண தண்டனையை ஐந்தாண்டு நிறுத்தி வைத்தார்கள், 1969 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வந்தது. அதுவும் எப்படி? விசாரணை நடத்திய நீதிபதி, எவன்ஸ் குழந்தையைக் கொன்றிருக்க மாட்டான், மனைவியைக் கொன்றிருக்கலாம் என்றார். தூக்கிலிட்டது குழந்தையைக் கொன்றதாகச் சொல்லி. எனவே மன்னிப்பு. தவறு என்று வாய்விட்டுச் சொல்லாமலே தவறைத் திருத்தும் இந்தப் பாணியை அந்த நாட்டு அலுவலகங்கள் கலையாகவே வளர்த்திருக்கின்றன. பெண்ட்லியின் தண்டனைக்கு மன்னிப்பு 1993-இல், படம் வந்து இரண்டு ஆண்டு கழித்து. தீர்ப்பே ரத்தானது 1998-இல். அதற்காக வாழ்நாள் முழுக்கப் போராடிய அவன் அக்கா அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார்.

கேமரா போக முடியாத இடம்

அமெரிக்கக் குற்ற ஆவணப்படங்களில் கோர்ட் வீடியோ தாராளமாக வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1925-இல் வந்த சட்டம், கோர்ட்டுக்குள் படம் பிடிப்பதை மட்டுமல்ல, உட்கார்ந்து வரைவதையும் தடுத்துவிட்டது. ஓவியர்கள் உள்ளே பார்த்ததை நினைவில் வைத்து வெளியே வந்துதான் வரைவார்கள். கிரௌன் கோர்ட்டில் நீதிபதி தண்டனை அறிவிப்பதை மட்டும் ஒளிபரப்ப 2022-இல்தான் வழி பிறந்தது. ஆகவே எல்லிஸ் எப்படி நின்றாள், எவன்ஸ் எப்படித் திணறினான் என்பதற்கு அசையும் படமே இல்லை. நடிகர்தான் அந்த ஆவணம். இந்த வகைப் படங்களில் நடிப்பு இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவதூறு வழக்கு பயமும் உண்டு. அங்கே சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவர் தலையில். 1964-இல் லண்டன் பத்திரிகை ஒன்று ஒரு பிரபுவுக்கும் தாதா ஒருவனுக்கும் தொடர்பு என்று பெயர் போடாமலே எழுதப்போய், கடைசியில் அந்தப் பிரபுவுக்கு 40,000 பவுண்டு கொடுத்துச் சமாதானமாக வேண்டியிருந்தது. இறந்தவரை அவதூறு செய்ய முடியாது என்பதும் சட்டம். பல கதைகள் திரைக்கு வர இருபது முப்பது ஆண்டு ஆவதில் இதற்கும் பங்கு இருக்கும்.

அந்தத் தாதா கிரே சகோதரர்களில் ஒருவன். கிழக்கு லண்டனின் இரட்டையர் ரானி, ரெஜி. அவர்களைப் பற்றி 1990-இல் ஒரு படம், 2015-இல் டாம் ஹார்டி இரட்டை வேடத்தில் ‘லெஜெண்ட்’. இரண்டாவதில் கோட்டு சூட்டு பளபளப்பு அதிகம்; எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதல் படத்தில் பில்லி வைட்லா நடித்த அம்மாவுக்காகப் பார்க்கலாம். வெளியே ரத்தம், வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா கையால் டீ.

எல்லைக்கோட்டில் ஒன்று

1993-இல் வந்த ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ எந்த நாட்டுப் படம்? இயக்குநர் ஜிம் ஷெரிடன் அயர்லாந்துக்காரர், வெளியிட்டது யுனிவர்சல், கதை கில்ட்ஃபோர்ட் பப் குண்டுவெடிப்பில் பொய்யாக மாட்டிவிடப்பட்டு 1975-இல் தண்டிக்கப்பட்டு, 1989-இல் விடுதலையான நால்வரின் கதை. அயர்லாந்து தன் படம் என்று சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படத்தில் குற்றவாளி யார் என்று பார்த்தால் பிரிட்டிஷ் போலீஸும் கோர்ட்டும். ‘இவர்கள் மீது தேசத்துரோகக் குற்றம் ஏன் சாட்டவில்லை’ என்று நிஜ வழக்கில் நீதிபதி கேட்டார். காரணம், கொலைக்குத் தூக்கு போய்விட்டது. தேசத்துரோகத்துக்கு அது 1998 வரை ஏட்டில் இருந்தது. கயிறு இல்லாத காலத்திலும் கயிற்றைத் தேடிய ஒரு கோர்ட். அந்த இடத்தில் இது எவன்ஸ், பெண்ட்லி படங்களுக்கு உடன்பிறப்பு.

‘பிரிட்டிஷ்’ என்று சொல்லிக்கொண்டு நான் இவ்வளவு நேரம் பேசியது பெரும்பாலும் லண்டனைப் பற்றி. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம். டேவிட் லீன் 1950-இல் எடுத்த ‘மேடலீன்’, 1857-இல் கிளாஸ்கோவில் காதலனுக்கு விஷம் வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணின் கதை. தீர்ப்பு: ‘நிரூபிக்கப்படவில்லை’. குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை என்ற அந்த மூன்றாவது தீர்ப்பு ஸ்காட்லாந்துக்கே உரியதாக இருந்தது; அதை ஒழிக்க 2025-இல் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் அந்தக் கதை அப்படி முடிந்திருக்காது.

இப்போது இந்த வகைக் கதைகள் பெரிதும் டிவிக்குப் போய்விட்டன. 2024 ஜனவரியில் ஐடிவியில் நான்கு பகுதிகளாக வந்த ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆஃபீஸ்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். கணினி தப்பாகக் கணக்குக் காட்ட, கிளைத் தபால் நிலையம் நடத்திய நூற்றுக்கணக்கானவர்கள் மீது திருட்டுப் பழி. பிணம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. கவுன்டர், ரசீது, மரியாதையான கடிதங்கள். நாடே கொதித்து, அதே ஆண்டு மே மாதம் தண்டனைகளை ரத்து செய்யச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாஸ்டன் படத்தை ஒரு நாள், ரிலிங்டன் பிளேஸை அடுத்த நாள் பாருங்கள். இரண்டாவதைத் தூங்கப் போகும் முன் வேண்டாம். அப்புறம் ரூத் எல்லிஸ் படம். அது கோர்ட்டையும் காட்டாது, தூக்குமேடையையும் காட்டாது. சப்டைட்டிலை அணைத்துவிட்டு, பிளேக்லியின் நண்பர்கள் வீட்டு வாசலில் ரூத் நின்று கத்தும் இடத்தில் அவள் குரலை மட்டும் கேளுங்கள்.